46ஆவது நகர்த்தல்: டிரா ஆக வேண்டிய ஆட்டம் தோல்வியான இடம்

கேள்வி சுருக்கமாக: 1600க்கு உட்பட்டோருக்கான ஒரு வார இறுதிச் சதுரங்கப் போட்டியில் நீங்கள் கறுப்புக் காய்களுடன் விளையாடினீர்கள். உங்கள் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1490, எதிராளிக்கு 1560. கடைசியில் ஆளுக்கொரு யானை, வெள்ளைக்கு மட்டும் ஒரு சிப்பாய். உங்கள் ராஜா அந்தச் சிப்பாயின் வழியிலேயே நின்றதால், யானைகளை மாற்றிக்கொண்டால் டிரா என்று நினைத்து மாற்றினீர்கள், தோற்றுவிட்டீர்கள். வீட்டில் என்ஜினில் (சதுரங்கக் கணினி நிரலில்) போட்டுப் பார்த்தால் மாற்றுவதற்கு முன்பு 0.00, அதாவது சமநிலை, மாற்றிய பிறகு வெள்ளைக்கு வெற்றி என்று காட்டுகிறது. காரணம் மட்டும் புரியவில்லை. மிஞ்சியது ஒரே சிப்பாய் என்பதால் நடுவரிடம் டிரா கேட்டிருக்கலாமா, ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஸ்கோர்ஷீட்டில் நகர்த்தல்களுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இதை எல்லோரும் செய்வதில்லை. அந்த நேரக் குறிப்புகள் இல்லாவிட்டால் நான் இந்த அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

கடைசியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆட்டம் அங்கேதான் கைவிட்டுப் போனது. பலகையில் அந்த நிலையை வைத்துக்கொண்டு படியுங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). வெள்ளை: ராஜா எஃப்4, யானை ஏ5, சிப்பாய் இ4. கறுப்பு: ராஜா இ7, யானை இ6. இரண்டு ராஜாக்கள், இரண்டு யானைகள், ஒரு சிப்பாய் என ஐந்தே காய்கள். ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளுக்கெல்லாம் சரியான முடிவு என்ன என்று கணினியில் முழுமையாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். எனவே என்ஜின் காட்டிய 0.00 வெறும் மதிப்பீடு அல்ல, உறுதியான டிரா.

வெள்ளை 46ஆவது நகர்த்தலில் யானையை ஏ5இலிருந்து இ5க்குக் கொண்டுவந்து உங்கள் யானைக்கு எதிரே நிறுத்தினார். வெட்டிக்கொள்ளலாம் வா என்கிறார். நீங்கள் வெட்டினீர்கள், அவர் ராஜாவால் திரும்ப வெட்டினார். இப்போது வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, உங்கள் ராஜா இ7. நகர்த்த வேண்டியவர் நீங்கள். எல்லாம் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இ4இல் உள்ள சிப்பாய்க்கு மூன்று முக்கியக் கட்டங்கள் உண்டு: டி6, இ6, எஃப்6. சிப்பாய்க்கு இரண்டு வரிசை முன்னால் இருக்கும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் வெள்ளை ராஜா கால் வைத்துவிட்டால் வெற்றி நிச்சயம். யார் நகர்த்த வேண்டும் என்பதுகூட அப்போது பொருட்டில்லை. இ7இல் நிற்கும் உங்கள் ராஜா மூன்றையும் காக்கிறது. ஆனால் நின்றுகொண்டே இருக்க முடியாதே, நகர்ந்தாக வேண்டும். டி7க்குப் போனால் எஃப்6 திறந்துகொள்கிறது. எஃப்7க்குப் போனால் டி6 திறக்கிறது. பின்வாங்கினால் மூன்றும் திறந்து கிடக்கும். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகரத் தேவையில்லாதவருக்கே பலம். இதைத்தான் ஆப்பொசிஷன் என்கிறோம்.

உங்கள் ஆட்டத்தில் நடந்ததும் அதுவே. நீங்கள் டி7, அவர் எஃப்6. நீங்கள் இ8, அவர் இ6. நீங்கள் டி8, அவர் எஃப்7. அதன்பின் சிப்பாய் தங்குதடையின்றி இ5, இ6, இ7 என்று நடந்தது. எதிராளி இதில் ஒரு கட்டம்கூடத் தவறவில்லை, பாராட்ட வேண்டும். இந்த ரேட்டிங்கில் பலர் இங்கே ராஜாவை முன்னே விடாமல் சிப்பாயைத் தள்ளிக் கெடுத்துக்கொள்வார்கள்.

அதே நிலையை வைத்து, நகர்த்த வேண்டியவர் வெள்ளை என்று மட்டும் மாற்றிப் பாருங்கள். ராஜா டி5க்குப் போனால் நீங்கள் டி7. சிப்பாய் இ5, நீங்கள் இ7. சிப்பாய் இ6, இங்கே கவனம், ராஜா நேராகப் பின்னால் இ8க்குத்தான் போக வேண்டும், டி8க்குப் போனால் தோல்வி. பிறகு அவர் டி6, நீங்கள் டி8. சிப்பாய் இ7 செக், நீங்கள் இ8. இப்போது அவர் இ6க்கு வந்து சிப்பாயைக் காத்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லை, ஆனால் நீங்கள் நகர்த்தவும் வழியில்லை. காக்காவிட்டால் சிப்பாயை நீங்கள் வெட்டிவிடுவீர்கள். எப்படியும் டிரா. காய்கள் அதே இடங்களில் இருக்கின்றன. நகர்த்த வேண்டியவர் யார் என்பது மட்டும்தான் மாறியது.

ஆகவே "சிப்பாய்க்கு முன்னால் என் ராஜா நிற்கிறது, அதனால் டிரா" என்று நீங்கள் நினைத்தது பாதி சரி. எதிராளியின் ராஜா தன் சிப்பாய்க்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்கும் வரை அது பெரும்பாலும் சரியாக இருக்கும். அவருடைய ராஜா சிப்பாயைத் தாண்டி முன்னே வந்துவிட்டால் அந்த விதி நம்மைக் காப்பாற்றாது. இ5இல் நீங்கள் வெட்டியபோது, எஃப்4இல் இருந்த அவருடைய ராஜாவை நீங்களே சிப்பாய்க்கு முன்னால் அழைத்துக்கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அதுவும் உங்கள் முறையாகப் பார்த்து.

வெட்டாமல் என்ன செய்திருக்கலாம்? உங்கள் யானை இ6இல் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது, பக்கவாட்டில் நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் ஆகும் என்பதால் நகர முடியாது. ஆனால் ராஜா நகரலாம். ராஜா எஃப்6! இந்த ஒரு அடி எடுத்து வைத்ததும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது இ5 கட்டத்தை உங்கள் ராஜாவும் காப்பதால், அடுத்து நீங்கள் அவருடைய யானையை வெட்டினால் அவரால் திரும்ப வெட்டவே முடியாது. மிரட்டல் இப்போது உங்களுடையது. அவர் இ6இல் வெட்டினால், நீங்கள் ராஜாவால் வெட்டுவீர்கள். பலகையைப் பாருங்கள்: வெள்ளை ராஜா எஃப்4, சிப்பாய் இ4, உங்கள் ராஜா இ6, நகர்த்த வேண்டியவர் வெள்ளை. ராஜா முன்னால் வர வழியே இல்லை. சிப்பாய் இ5க்கு வந்தால் நீங்கள் இ7க்குப் பின்வாங்கி மேலே சொன்ன முறையில் பிடித்துக்கொள்ளலாம். ராஜா பக்கவாட்டில் ஜி5க்குப் போனால், நீங்கள் இ5க்குப் போய்ச் சிப்பாயையே எடுத்துவிடுவீர்கள்.

அவர் வெட்டாமல் எஃப்5இல் செக் வைத்தால்? ராஜா மறுபடி இ7. அவர் மறுபடி யானையை இ5க்குக் கொண்டுவந்தால் மறுபடி எஃப்6. இப்படியே மூன்று முறை ஒரே நிலை வந்தால் நீங்கள் டிரா கோரலாம். ராஜா எஃப்6க்குப் பதிலாக டி6க்குப் போவதும் இதே பலனைத் தரும்.

ஆக, யானைகளை மாற்றியது தவறல்ல. நீங்கள் முதலில் வெட்டியதுதான் தவறு. அவரை வெட்ட வைத்திருந்தால் திரும்ப வெட்டுவது உங்கள் ராஜா. அதன்பின் நகர்த்த வேண்டியவரும் அவர். மாற்றும்போது முதலில் வெட்டுவது யார், வெட்டி முடித்ததும் யாருடைய முறை, திரும்ப வெட்டும் காய் எந்தக் கட்டத்தில் வந்து அமர்கிறது என்று பார்த்தாக வேண்டும். சிப்பாய் இறுதியாட்டத்துக்குள் நுழையும் மாற்றங்களில் இந்தக் கணக்கைத் தவறவிடவே கூடாது, ஏனென்றால் அங்கே போய்விட்டால் திரும்பி வர வழியில்லை. யானைகள் பலகையில் இருக்கும்வரை சிறு தவறுகளைச் செக் வைத்தாவது சமாளிக்கலாம்.

இப்போது உங்கள் கடிகாரக் குறிப்பைப் பாருங்கள். 46ஆவது நகர்த்தலுக்கு முன் உங்களிடம் 11 நிமிடம் இருந்தது. போதாததற்கு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுகிறது. வெட்டிய பிறகும் 11 நிமிடம் அப்படியே இருக்கிறது. அதாவது அரை நிமிடத்துக்குள் வெட்டிவிட்டீர்கள். போட்டி அரங்குகளில் இந்தக் காட்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்: மூன்று மணி நேரம் உட்கார்ந்து களைத்தவர், எதிராளி மாற்றத்துக்குக் காயை நீட்டியதுமே, அவருடைய விரல் காயைவிட்டு எடுபடுவதற்குள் தன் கையை உயர்த்திவிடுவார். மாற்றிவிட்டால் சுமை குறையும் என்று உடம்பு கேட்கிறது. மூளை அதற்குச் சம்மதம் சொல்லிவிடுகிறது.

இதே கை உங்கள் ஆட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களில் தெரிகிறது. அதனால்தான் இதை வெறும் இறுதியாட்ட அறிவின் குறை என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலாவது, 17ஆவது நகர்த்தல். வெள்ளை ராணியை டி2இலிருந்து சி3க்கு நகர்த்தி, எஃப்3இல் உள்ள குதிரையுடன் சேர்ந்து உங்கள் இ5 சிப்பாயைக் குறிவைத்தார். நீங்கள் ராணியை எஃப்6க்குக் கொண்டுவந்து சிப்பாயைக் காத்தீர்கள். குறை சொல்ல முடியாத பதில் போலத் தெரிகிறது. ஆனால் உங்கள் குதிரை எஃப்4இல் இருந்தது! வெள்ளை ராஜா ஜி1இல், ராணி சி3இல். குதிரை இ2க்குப் போனால் செக், அதே நேரத்தில் ராணி மீதும் தாக்குதல். இ2 கட்டத்தைக் காக்க வெள்ளையிடம் எதுவுமே இல்லை: அவருடைய பிஷப் பி3இல், யானைகள் ஏ1லும் எஃப்1லும். அதுவரை அந்தக் கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்த ஒரே காய் டி2 ராணி. அதுதான் இடத்தைவிட்டுப் போயிருந்தது. ஒரு குதிரைக்கு ஒரு ராணி கிடைத்திருக்கும், 46ஆவது நகர்த்தலே வந்திருக்காது. அடுத்த நகர்த்தலிலேயே அவர் ராஜாவை எச்1க்கு ஒதுக்கிக்கொண்டதைப் பார்த்தால், கடிகாரத்தை அழுத்திய பிறகு அவருக்கே அது தெரிந்திருக்கிறது.

ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்கும் இந்த ஃபோர்க்கை உங்களால் பார்க்க முடியாது என்பதல்ல. புதிராகக் கொடுத்தால் ஐந்து விநாடியில் கண்டுபிடிப்பீர்கள். எதிராளி ஒரு மிரட்டல் வைத்ததும் உங்கள் பார்வை முழுவதும் மிரட்டப்பட்ட சிப்பாயிடம் போய்விட்டது. ஒரு காய் நகர்ந்தால் புதிதாகச் சில கட்டங்களைத் தாக்கும். கூடவே, அதுவரை காத்துவந்த சில கட்டங்களைக் கைவிடும். "இங்கே வந்து என்ன செய்கிறது" என்று கேட்பவர்கள் பலர். "அங்கிருந்து போனதால் எது காலியானது" என்று கேட்பவர்கள் சிலர்தான். இந்த இரண்டாவது கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டால், ஆயிரம் புதிர்களுக்கு மேல் பலன் தரும் என்பது என் கணிப்பு.

அடுத்தது ஓப்பனிங். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6, பிறகு வெள்ளை குதிரை ஜி5. எஃப்7க்குக் குறி. நீங்கள் சரியாக டி5 என்று சிப்பாயைத் தள்ளினீர்கள்; அவர் இ சிப்பாயால் டி5இல் வெட்டினார்; நீங்கள் உடனே குதிரையால் திரும்ப வெட்டினீர்கள். கடிகாரக் குறிப்பின்படி இதற்கும் நேரமே எடுக்கவில்லை. வெட்டினால் திரும்ப வெட்டுவது என்று கை செய்த வேலை. இங்கே வெள்ளை குதிரையை எஃப்7இல் பலி கொடுக்கலாம். ராஜா அதை வெட்ட வேண்டும். ராணி எஃப்3க்கு வந்து செக். ராணியும் சி4 பிஷப்பும் சேர்ந்து உங்கள் டி5 குதிரையைத் தாக்குகின்றன. அதைக் காக்க வேண்டுமானால் ராஜா இ6க்கு, பலகையின் நட்டநடுவுக்கு நடந்து வர வேண்டும். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது) என்ற பேச்சே இல்லை. அங்கிருந்து உயிர் பிழைப்பது கிராண்ட்மாஸ்டர்களுக்கே கடினம். கடிகாரம் ஓடும்போது 1490க்கு ஏறத்தாழ முடியாத காரியம். இத்தாலிய ஆட்டக்காரர் பொலேரியோ சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே விளையாடிய தாக்குதல் இது. இன்றும் வார இறுதிப் போட்டிகளில் இதற்குப் பலியாகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் எதிராளிக்கு அது தெரியவில்லை அல்லது துணிவு வரவில்லை. குதிரையை எஃப்3க்கே திருப்பிக்கொண்டார். அதனால் உங்களுக்கு இலவசமாக ஒரு நகர்த்தல் கிடைத்தது, நடு ஆட்டம் வசதியாக அமைந்தது. ஆனால் அடுத்தவர் திருப்பிக்கொள்ள மாட்டார். டி5இல் திரும்ப வெட்டாமல் குதிரையை சி6இலிருந்து ஏ5க்கு நகர்த்தி, பிஷப்பைத் தாக்குங்கள். அவர் பி5இல் செக் வைப்பார். நீங்கள் சி6 என்று சிப்பாயை வையுங்கள். அவர் வெட்டினால் பி சிப்பாயால் வெட்டுங்கள். ஒரு சிப்பாய் குறைவாக இருப்பீர்கள், ஆனால் அவருடைய பிஷப் மறுபடி ஓட வேண்டும். பிறகு எச்6 வைத்தால் குதிரையும் ஓட வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும்.

ஓப்பனிங் பற்றிய கேள்விக்கும் இதுவே என் பதில். இந்த ஒரு கிளையை அரை மணி நேரம் பலகையில் வைத்துப் பார்த்தால் இப்போதைக்குப் போதும். பணம் கொடுத்து ஓப்பனிங் வகுப்பில் சேராதீர்கள். 1600க்குக் கீழே நடக்கும் ஆட்டங்கள் பத்தாவது நகர்த்தலில் அரிதாகவே முடிவாகின்றன. உங்கள் ஆட்டத்தில் ஓப்பனிங்கில் செய்த தவறுக்கு விலை எதுவும் கொடுக்கவில்லை. ஃபோர்க்கைத் தவறவிட்டதால் வெற்றியும், யானையை வெட்டியதால் டிராவும் போயின. எதற்கு நேரம் செலவிட வேண்டும் என்று இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் சிப்பாய் பறிபோன 24ஆவது நகர்த்தலைப் பற்றி நான் பேசாததற்குக் காரணம், அது நேர நெருக்கடியில் நடந்தது. முதல் 15 நகர்த்தல்களுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால் 24இல் அப்படித்தான் ஆகும்.

நடுவர் விஷயம். ஒரு சிப்பாய்தான் இருக்கிறது என்பதற்காக டிரா கோர முடியாது. சிப்பாய் ராணியாகலாம் என்பதால், ஒரே ஒரு சிப்பாய் இருந்தாலும் வெற்றிக்கு வழி இருப்பதாகவே விதிகள் கருதுகின்றன. எதிராளியிடம் டிரா கேட்கலாம். அதற்கு முறை, உங்கள் நகர்த்தலைச் செய்துவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்பது. அவர் மறுத்தால் ஆட்டம் தொடரும். ஒரே நிலை மூன்று முறை வந்தாலோ, இரு தரப்பிலும் 50 நகர்த்தல்கள் எந்தக் காயும் வெட்டப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் கழிந்தாலோ நீங்கள் கோரலாம். நீங்கள்தான் கோர வேண்டும். ஐந்து முறை அல்லது 75 நகர்த்தல் என்று போனால் யாரும் கேட்காமலேயே டிரா. இதற்கெல்லாம் ஸ்கோர்ஷீட் ஒழுங்காக இருக்க வேண்டும், உங்களுடையது இருக்கிறது.

ரேட்டிங்கில் இதன் விலை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். 30 ஆட்டங்களைத் தாண்டிய, 2400க்குக் கீழே உள்ள பெரியவர்களுக்கு ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) கணக்கில் கே எண், அதாவது ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 20. தோல்விக்கும் டிராவுக்கும் இடையே உள்ள அரைப் புள்ளி என்றால் 10 ரேட்டிங் புள்ளி. உங்களைவிட 70 புள்ளி மேலே இருப்பவரிடம் தோற்றதால் 8 குறையும். டிரா செய்திருந்தால் 2 கூடியிருக்கும். இதை அடுத்த சுற்றில் நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இனி பயிற்சி. இந்த ஆட்டத்தை என்ஜினில் போடுவதற்கு முன்பு ஒருமுறை, அது இல்லாமல், ஸ்கோர்ஷீட்டை மட்டும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். என்ஜின் எண்ணைச் சொல்லும். நீங்கள் ஏன் வெட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. எழுதும்போது "எதுவும் நினைக்கவில்லை" என்று வரும் இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். இந்த ஆட்டத்தில் அவை மூன்று என்பது என் ஊகம். நீங்கள் எழுதினால் நான்காவதும் கிடைக்கலாம்.

யானை இறுதியாட்டத்தில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மாற்றாமல் தொடர்ந்திருந்தால் உங்களுக்கு அதுதான் தேவைப்பட்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பிலிடோர் விளக்கிய தற்காப்பு அது. உங்கள் ராஜா இ8இல், வெள்ளைச் சிப்பாய் இ5இல், அவருடைய ராஜா டி5இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் யானையை ஆறாவது வரிசையில், ஏ6 போன்ற ஓர் ஓரத்தில் நிறுத்தி, அந்த வரிசையிலேயே இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருங்கள். அவருடைய ராஜாவால் ஆறாவது வரிசைக்குள் வர முடியாது. பொறுமையிழந்து சிப்பாயை இ6க்குத் தள்ளினால், அந்தக் கணமே யானையைக் கீழே ஏ1க்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் வைக்கத் தொடங்குங்கள். ராஜா ஒளிந்துகொள்ளச் சிப்பாய்க்கு முன்னால் இடமில்லாததால் செக் ஓயாது. இது தெரிந்தவருக்கு, சிப்பாய் குறைவான யானை இறுதியாட்டத்தில் மாற்றிவிட்டு ஓடிவிட வேண்டும் என்ற அவசரமே வராது. உங்கள் அவசரத்துக்கும் இது தெரியாததுதான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

கிளப்பில் உங்களோடு விளையாடும் யாரையாவது பிடித்து, 46ஆவது நகர்த்தல் நிலையை வைத்து இரு பக்கமும் மாறி மாறி விளையாடுங்கள். ஒரு முறை நீங்கள் வெட்டி, ஒரு முறை ராஜாவை எஃப்6க்கு நகர்த்தி. வெள்ளையாக உட்காரும்போது வெல்ல உண்மையாகவே முயலுங்கள். கறுப்பு எங்கே மூச்சுவிடுகிறது என்பது அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும்.